சோர்வும் மூலிகையும்

சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர், அங்குள்ள குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மப் பெருமாளின் பெயரால் வழங்கி வருவது. எனினும் இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது, அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையே ஆகும். ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும், 2012ஆம் ஆண்டில் டெய்ம்லர் லாரி ஆலையும் இயங்கத் தொடங்கின. அவற்றின் முன்னும் பின்னுமாக எழுந்த ஆலைகள் பல. காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பிள்ளைகளும், செங்கற்பட்டுப் பகுதியின் ஏரிப் பாசன உழவர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று அவ்வாலைகளின் மூன்று ஷிப்டுகளிலும் உழைக்கின்றனர். ஆகவே நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் தந்தை தறியில் அமர்ந்திருக்க, தாய் கழனியில் நிற்க, மகன் இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புகிறான். ஒரே கூரையின்கீழ் மூவகை உழைப்பு, மூவகைச் சோர்வு.

இச்சோர்வைக் குறிவைத்துப் புதியதொரு வாணிகம் நம் கடைத்தெருக்களில் கால் ஊன்றியிருக்கிறது. அமுக்கரா மாத்திரை, நீர்ப்பிரமிச் சாறு, வல்லாரைப் பாகு என்று பலவகைப் புட்டிகள் வருகின்றன. ஆங்கில மருத்துவர் எழுதித் தரும் ஊக்க மாத்திரைகளில் ஆபத்து உண்டு, எம்முடையவை மூலிகையாதலால் ஆபத்தின்றி அதே வேலையைச் செய்யும் என்று அவற்றை விற்போர் உரைக்கின்றனர். மறுபுறம், இச்செடிகளைப் பயிரிட்டால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று விவசாயிகளிடம் தரகர்கள் ஆசை காட்டுகின்றனர். வாங்குவோரும் நம்மவர், விளைவிப்போரும் நம்மவர் என்பதால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். உட்கொண்ட ஒரு மணி நேரத்திற்குள் விழிப்பும் சுறுசுறுப்பும் தருகின்ற மூலிகை எதுவோ, அது பெயரளவில்தான் மூலிகை, செயலில் மருந்தே. அதற்கு மருந்துக்குரிய எல்லா ஆபத்தும் உண்டு. அவ்வாறு உடனே செயல்படாத மூலிகை, வேறு நன்மை எதுவும் தரலாமேயன்றி, ஊக்க மருந்தின் வேலையைச் செய்யாது. இவ்விரண்டில் எதுவும் உறக்கத்திற்கு ஈடாகாது.

ஊக்க மருந்து என்பது எது?

மருத்துவர் சீட்டின்பேரில் வழங்கப்படும் ஊக்க மருந்துகளுள் நம் நாட்டில் முதன்மையாகக் கருதத்தக்கது மெத்தில்பெனிடேட். 1944ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் சீபா கம்பெனியின் வேதியியலார் பனிஸான் என்பவர் இதனை ஆக்கினார். அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அப்பெயரை ஒட்டியே 'ரிட்டலின்' என்ற வாணிகப் பெயர் அமைந்தது. கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் ஒரு நோயாகவே அமைந்துவிட்ட குழந்தைகளுக்கும் பெரியோருக்கும் இம்மருந்து மெய்யான பயன் தருகிறது. ஆனால் தவறாகப் பயன்படுத்தினால் பழக்கத்திற்கு அடிமையாக்கும் இயல்புடையது. ஆதலால் இந்திய அரசு இதனை மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் வைத்துள்ளது. சீட்டு இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வருகின்ற நோய்க்குத் தரப்படும் மோடாஃபினில் என்பது மற்றொன்று. அதுவும் சீட்டின்றி விற்கத் தகாததே.

இம்மருந்துகளைத் தேவையின்றி உண்போர்க்கு ஒரு வார்த்தை சொல்வதைக் காட்டிலும், தேவையிருந்தும் நிறுத்துவோர்க்கு ஒரு வார்த்தை சொல்வது அவசரமானது என்று கருதுகிறோம். மருத்துவர் ஆராய்ந்து எழுதிக்கொடுத்த மருந்தினால் பிள்ளை பள்ளியில் தேறி வருகிறான் என்றால், அதனை நிறுத்திவிட்டு வல்லாரைப் பாகு கொடுப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி. அந்நோய்க்கு அம்மருந்தின் இடத்தில் வைக்கத்தக்க மூலிகை எதுவும் இதுகாறும் நிலைநாட்டப்படவில்லை. பசி குறைவு, தூக்கக் குறைவு முதலிய துன்பங்கள் தோன்றினால் மருத்துவரிடமே சென்று கூற வேண்டும். அளவைக் குறைப்பதும், நேரத்தை மாற்றுவதும், வேறு மருந்து தருவதும் அவர் அறிந்த வழிகள். 1965ஆம் ஆண்டு முதல் செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதியினருக்குப் பெரிய வாய்ப்பு.

ஒரு புதரின் கதை

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்போருக்கு எஃபெட்ரா என்னும் புதரின் வரலாற்றைக் கூறுவது தகும். சீன வைத்தியத்தில் 'மா ஹுவாங்' என்று வழங்கும் இச்செடியைப் பன்னூறு ஆண்டுகளாக இருமலுக்கும் இழுப்புக்கும் கொடுத்து வந்தனர். 1885ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலார் நாகாய் நாகாயோஷி இதிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். நெஞ்சுத் துடிப்பை விரைவாக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, தூக்கத்தை விரட்டும் பொருள் அது. அவரே 1893ஆம் ஆண்டில் அதனை வேதியியல் முறையால் மாற்றி மெத்தாம்ஃபெட்டமின் என்னும் பொருளை உண்டாக்கினார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அது ஆய்வுக்கூட அலமாரியிலேயே கிடந்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அப்பொருளுக்கு வேலை வந்தது. ஜெர்மானியப் போர்வீரருக்கு 'பெர்விட்டின்' என்ற பெயரிலும், ஜப்பானில் 'ஃபிலோபான்' என்ற பெயரிலும் அது மாத்திரையாக வழங்கப்பெற்றது. 'உழைப்பின்பால் அன்பு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயராம் ஃபிலோபான்! ஆயுதம் செய்யும் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்த தொழிலாளருக்கும் அது தரப்பட்டது. போர் முடிந்தது, படைக்கெனச் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகள் கடைகளுக்கு வந்தன, உழைப்பின்பால் அன்பூட்ட வந்த மாத்திரை எண்ணற்றோரை உழைக்கவே இயலாத அடிமைகளாக்கியது. 1951ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு தனிச் சட்டம் இயற்றி அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் அதே எஃபெட்ராச் செடியின் சாரம், 'இயற்கையான ஊக்கம்' என்ற விளம்பரத்தோடு உடல் மெலியவும் சுறுசுறுப்புக்காகவும் விற்கப்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் மரணங்களும் நேர்ந்த செய்திகள் குவிந்தன. 2004ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எஃபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளுக்குத் தடை விதித்தது. மருந்தாக வரும்போது சீட்டு வேண்டும், கணக்கு வேண்டும் என்று வாயிலில் நிறுத்தப்படும் பொருள், மூலிகை என்ற பெயரோடு வரும்போது தடையின்றி உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. எட்டி மரத்தை அறியாத தமிழ் விவசாயி இல்லை. அதன் விதையிலுள்ள ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சை மேனாட்டார் ஒரு காலத்தில் 'நரம்பு டானிக்' என்று உட்கொண்டனர். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், மாரத்தான் ஓட்டத்தின்போது தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு ஸ்ட்ரிக்னைனும் முட்டை வெண்கருவும் பிராந்தியும் கொடுத்து ஓட வைத்தனர். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. ஆனால் எல்லையை அடைந்தபோது அவர் குற்றுயிராய்க் கிடந்தார். சித்த வைத்தியத்தில் எட்டி விதையைச் சுத்தி செய்தே சேர்ப்பர். எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை முதலியவை சேர்ந்த மருந்துகளை வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்று புட்டியின்மேல் அச்சிட வேண்டுமென்பது இந்திய விதி. புட்டியை வாங்குவோர் அவ்வரியைத் தேடிப் பார்ப்பது நன்று.

வெற்றிலை பாக்கையும் இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. தறியில் அமர்வோர் பலருக்கும் பரம்பரையாக வாய்த்த ஊக்கப் பொருள் அதுவே. பாக்கிலுள்ள அரிகோலின் என்பது நரம்பைக் கிளர்த்தும் என்பது மெய்தான். அப்பாக்கே வாய்ப்புற்றுக்குக் காரணமாவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஐயத்திற்கிடமின்றி வகைப்படுத்தியுள்ளது. புகையிலை சேர்ந்தால் தீமை பன்மடங்காகும். மங்கல காரியத்திற்குத் தாம்பூலம் வைப்பதை நாம் குறை கூறவில்லை. இரவு முழுவதும் விழித்திருக்க வாயில் அடக்கிக்கொள்வதையே வேண்டாமென்கிறோம்.

காப்பியும் தேநீரும்

பயனும் தீங்கும் அளவோடு அறியப்பட்ட ஊக்கச் செடிகள் நம் சமையலறையிலேயே உள்ளன. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் வீடுகளில் நுழைந்தபோது அதனைக் கள்ளோடு ஒப்பிட்டு வெறுத்த பெரியோர் உண்டு. இன்று அவர்களுடைய பேரர்களே காப்பியின்றிக் கண் விழிப்பதில்லை!

காப்பியிலும் தேநீரிலுமுள்ள கஃபீன் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால், ஊக்க மருந்து எதனிடமும் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கிவிடும். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது நரம்பணுக்களிலுள்ள தனக்குரிய பீடங்களில் அமரும்போது தூக்கம் வருகிறது. கஃபீன் அப்பீடங்களில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை; அமர இடமின்றி வெளியே காத்து நிற்கிறது. கஃபீன் எழுந்து போனதும் அவ்வளவும் ஒருங்கே வந்து அமர்கிறது. கடன்காரரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே மறைந்திருப்பது போன்றதே இது. கடன் தீர்ந்துவிடவில்லை.

ஒரு கோப்பைக் காப்பியில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். தேநீரில் அதிற் பாதியளவு அல்லது அதற்கும் குறைவு. ஆரோக்கியமான வயது வந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், கர்ப்பிணிகள் 200 மில்லிகிராம் வரையிலும் கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தெரிவித்தது. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு நீங்குவதற்குச் சுமார் 5 மணி நேரமாகும். இரவு ஷிப்டில் விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, காலை ஒன்பது மணிக்கு வீட்டில் படுக்கும்போதும் உடலில் இருக்கிறது. பகல் தூக்கம் வரவில்லையென்று வருந்துவோர் காரணத்தை அங்கே தேடலாம். ஆதலால் இரவு வேலைக்காரர் ஷிப்டின் முற்பகுதியில் காப்பி குடித்து, பிற்பகுதியில் நிறுத்திவிடுவதே ஏற்றது.

விலையுயர்ந்த ஊக்கபானங்களைப் பற்றியும் ஒரு கணக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரையே கஃபீன் இருக்கலாம். 250 மில்லி டப்பாவில் மிகுதியாகப் போனால் 75 மில்லிகிராம். நம் வீட்டு டம்ளர் காப்பிக்கும் குறைவு! மீதியிருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் விளம்பரச் செலவுமே.

மெல்லச் செயல்படும் செடிகள்

இனி, வாணிகத்தில் மிகுதியாகப் பேசப்படும் மூன்று செடிகளைப் பார்ப்போம்.

நீர்ப்பிரமி ஏரி ஓரங்களிலும் வரப்புச் சேற்றிலும் படர்ந்து வளரும் சிறு செடி. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் 46 பேரைக் கொண்டு சோதித்தனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாரமும், மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரங்கள் தரப்பட்டன. செய்தியைப் பெற்று அறியும் விரைவிலும் கற்பதிலும் சாரம் உண்டவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, புதிதாகக் கற்றதை மறவாமல் வைத்திருப்பதில் பயன் தெரிந்ததாகக் கூறிற்று. ஆய்வுகள் சிறியவை, எனினும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. கவனிக்க வேண்டியது அந்த 12 வாரம் என்னும் கால அளவையே. இன்றிரவு இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவனுக்கு இச்செடி இன்று உதவாது. நாளைத் தேர்வெழுதும் மாணவிக்கும் அவ்வாறே. சிலருக்கு வயிற்றுக் குமட்டலும் பேதியும் உண்டாகலாம்.

இச்செடிக்கு இன்னொரு குணம் உண்டு. ஆலைகள் சூழ்ந்த நம் பகுதியில் அதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்த நீரில் வளர்ந்தால் நீர்ப்பிரமி அவற்றை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அழுக்கு நீரைத் தூய்மை செய்ய அதனை வளர்க்கலாமா என்று விஞ்ஞானிகள் ஆராயும் அளவுக்கு அக்குணம் வலியது. ஆகவே நெடுஞ்சாலையோரப் பள்ளங்களிலும், ஆலைக் கழிவுநீர் கலக்கக்கூடிய கால்வாய்களிலும் பறித்த நீர்ப்பிரமியைப் பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுப்பது மூளைக்கு வலிமை தருவதாகாது. ஈயம் மூளைக்குப் பகை.

வல்லாரையை நீர்ப்பிரமியோடு குழப்புவோர் பலர். 'பிராமி' என்ற ஒரே பெயரில் இவ்விரண்டும் சந்தையில் வழங்குவதே காரணம். இலையைக் கண்டால் ஐயம் தீரும். வல்லாரை இலை சிறுநீரக வடிவில் அகன்று தனிக்காம்போடு நிற்கும். நீர்ப்பிரமி இலை சிறிதாய்த் தடித்திருக்கும். புண் ஆற்றுவதில் வல்லாரைக்குள்ள சிறப்பு நன்கு ஆராயப்பட்டது. அறிவு வளர்ப்பதற்கு உள்ள சான்று மெலிதே. எனினும் நல்ல நீரில் விளைந்த வல்லாரைத் துவையல் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. கீரைக்காரியிடம் வாங்கும் ஒரு கட்டு, பாகுப் புட்டியைக் காட்டிலும் மலிவு.

அமுக்கராவின் நிலை விந்தையானது. சித்த வைத்தியர் அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து உண்ணச் செய்வது பழைய வழக்கம். தாவர நூலார் அச்செடிக்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதிக்கு 'உறக்கம் தருவது' என்று பொருள். அண்மைக்கால ஆய்வுகளும் மனவிறுக்கம் தணிவதிலும் தூக்கம் சீர்படுவதிலுமே ஓரளவு பயனைக் காட்டுகின்றன. அத்தகைய வேரை விழிப்பூட்டும் பொருளென்று விற்பதும், இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் விழுங்குவதும் எவ்வளவு பொருத்தமற்றவை! பகலில் நன்கு தூங்கியெழுந்தால் இரவில் விழிப்பு வரும் என்ற சுற்றுவழியில் வேண்டுமானால் நன்மை எனலாம். இதன் சாரத்தை உண்டவர் சிலருக்கு மஞ்சள் காமாலையும் கல்லீரல் பாதிப்பும் நேர்ந்ததை 2020ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து, அமெரிக்க நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்தனர். 2023ஆம் ஆண்டில் டென்மார்க் அரசு இதனைத் தடையே செய்தது. தடை மிகையானது என்று நம் நாட்டில் வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் எவ்வாறாயினும், கர்ப்பிணிகளும், கல்லீரல் நோயாளிகளும், தைராய்டு மருந்தோ தூக்க மருந்தோ உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

வைத்தியர் எங்கே என்று அலைய வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கலாம். 2005ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கேதான் உள்ளது. மருந்து வாங்குவதற்கும் கூட்டுறவுத் துறையிலேயே நெடுநாளைய ஸ்தாபனம் உண்டு: நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944ஆம் ஆண்டில் நிறுவிய 'இம்காப்ஸ்', சென்னை திருவான்மியூரில் இருப்பது. கூட்டுறவாளர் என்ற முறையில் இதைச் சொல்வதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு.

சோர்வு எங்கிருந்து வருகிறது?

மருந்தைத் தேடுமுன் நோயைத் தேடுவதே முறை. நம் குடும்பங்களில் சோர்வுக்கும் கவனக்குறைவுக்கும் மூலகாரணங்கள் பெரும்பாலும் மூன்று என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, தூக்கக் குறைவு. 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட முடிவு இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனுடைய கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவனுடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 0.03 சதவீதத்திற்கு மேற்பட்டாலே வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பகலில் கழனி வேலையும் இரவில் ஆலை வேலையும் பார்த்துவிட்டு, காலையில் ஒரகடம் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞன் ஒரு துளி மதுவும் அருந்தாமலேயே அந்நிலையில் இருக்கக்கூடும். அவனுக்குத் தேவை மூலிகையன்று. இருட்டாக்கிய அறையும், எழுப்பாத வீட்டாருமே. வேலைக்கிடையே அரைமணிக்கும் குறைந்த சிறுதூக்கம் விழிப்பை மீட்கும் என்பது விமானிகளிடமே சோதித்து அறியப்பட்ட உண்மை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு வலுத்து மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் அங்கத்தினர்கள் அறிந்தவையே. தொழிலாளியின் விழிப்பைப் பற்றிய விவாதத்தில் மாத்திரையைவிட மணிக்கணக்கே முதலிடம் பெற வேண்டியது.

இதற்கு மாறான வழியில் சென்றால் என்னாகும் என்பதைத் தமிழகத்து ஆடைத் தொழிலிலேயே கண்டோம். மாதவிலக்கு வலியோடு வரும் பெண்களுக்கு விடுப்போ ஓய்வோ தராமல், பெயர்ச் சீட்டுமில்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்து வேலை வாங்குவதாக, ஏறத்தாழ நூறு பெண்களை விசாரித்து 2019ஆம் ஆண்டில் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. ஊக்க மருந்தல்ல, வலி மருந்துதான். ஆயினும் ஓய்வு கேட்கும் உடலுக்கு மாத்திரையால் விடையளிக்கும் எண்ணம் ஒன்றே.

இரண்டாவது, இரத்தசோகை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். படியேறினால் மூச்சு வாங்குவதும், கண்கள் வெளிறுவதும், எதிலும் மனம் பற்றாமையும் அதன் அடையாளங்கள். இதற்கு விலையுயர்ந்த புட்டி எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, வேண்டுமானால் இரும்புச்சத்து மாத்திரை பெறலாம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் கீரையின் இரும்பு நன்கு உடலில் ஒட்டும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அவ்விரும்பு ஒட்டாமல் போகும். சோர்வாயிருக்கிறதென்று உணவோடு உணவாகத் தேநீர் குடிக்கும் பெண், சோர்வின் காரணத்தையே வளர்த்துக்கொள்கிறாள். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். சர்க்கரை நோயும் தைராய்டுக் குறைவும் இவ்வாறே சோர்வாக முகம் காட்டக்கூடியவை; அவற்றையும் உடன் சோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது நெசவாளருக்கே சிறப்பாக உரியது. நாற்பது வயதுக்குமேல் பாவில் அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படாமல், கோர்வை பிசகி, தலைவலியும் எரிச்சலும் வந்தால், 'முன்போல் மனம் ஒன்றவில்லை' என்று வருந்துவோர் பலர். குறை மனத்திலன்று, வெள்ளெழுத்து. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிட்டப்பார்வைக்கு ஏற்ற எளிய கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதலாகத் தேயிலை பறித்தனர். கவனத்தை இவ்வளவு உயர்த்திய மூலிகை எதுவும் நாம் அறிந்தவரையில் இல்லை! நெசவாளர் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால், ஓராண்டு போனஸைக் காட்டிலும் அது நிலைத்த பயன் தரும்.

பயிரிட நினைப்போருக்கு

இறுதியாக, விவசாய அங்கத்தினர்களுக்குச் சில சொற்கள். அமுக்கரா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் ஜில்லாக்களிலும் இராஜஸ்தானத்திலும் விளைவது. மழை குறைந்து, நீர் தேங்காத மணற்பாங்கான நிலமே அதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் நம் வடகிழக்குப் பருவமழையில் ஏரிப் பாசன வயலில் அதனை இட்டால் வேர் அழுகிப் போகும். மேட்டுப் புன்செய் உடையவர்கள், மழை ஓய்ந்த பின் சிறு அளவில் முயன்று பார்க்கலாம். இலையையும் சேர்த்து வாங்குவோம் என்று சொல்லும் வியாபாரியிடம் எச்சரிக்கை வேண்டும். அமுக்கரா இலையை மருந்துப் பொருள்களில் சேர்க்க வேண்டாமென்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021ஆம் ஆண்டில் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேரே மருந்து, இலை கலப்படம்.

நீர்ப்பிரமி நம் மண்ணுக்கு மாறானதன்று. இலக்னோ மத்திய மருந்து நறுமணச் செடிகள் நிலையம் 'சுபோதக்', 'பிரக்யாசக்தி' என்ற இரகங்களை அளித்துள்ளது. செடியின் துண்டுகளை நட்டாலே வேர்விடும். ஒரு முறை நட்டுப் பலமுறை அறுக்கலாம். ஆனால் முன் கூறியபடி நீரின் தூய்மையே இதன் விலையை நிர்ணயிக்கும். நல்ல மருந்துச்சாலைகள் உலோகச் சோதனையின்றிச் சரக்கை ஏற்பதில்லை. எனவே நடுவதற்கு முன்னரே பாசன நீரையும் மண்ணையும் சோதனைக்கு அனுப்புங்கள். அறுத்ததை நிழலில் உலர்த்துங்கள், சாலையோரத்தில் பரப்பாதீர்கள். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கத்தார் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கி, மூலிகைச் செடிகளை வளர்த்துவருகின்றனர். செடிகளை நேரிற் கண்டு இனம் பிரித்தறிய விரும்புவோர் அங்கே கற்கலாம்.

விதை கொடுத்து, 'விளைச்சல் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்வோம்' என்று வாய்மொழியாகச் சொல்லும் தரகர்களிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: கொள்முதல் விலை, ஈரப்பதத்திற்குக் கழிக்கும் அளவு, சோதனையில் சரக்கு தேறாவிட்டால் அந்த நஷ்டம் யாரைச் சார்வது. எழுதித் தர மறுப்பவரிடம் விதை வாங்க வேண்டாம். எழுதித் தருபவர் இருந்தால், தனித்தனியே கையொப்பமிடாமல் பத்துப் பேராகச் சேர்ந்து சங்கக் காரியதரிசியிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள். கையொப்பத்திற்கு முன் அதனை நிர்வாக சபையில் வைத்துப் பார்க்கலாம்.